மரியாதை தெரிந்த கோளாறு

"என் படகுல யாரோ கரண்டைத் திருடுறாங்கம்மா."

"கரண்டைத் திருடி என்ன பண்ணுவாங்க?"

"அது தெரிஞ்சா நானே பிடிச்சிருக்க மாட்டேனா?"

முந்தின நாள் சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் நடந்த இந்தப் பேச்சை அண்ணி காலையிலிருந்து மூன்றாவது தடவையாக எனக்குச் சொல்லிக்காட்டினார். அப்போது நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறையில் மொத்தம் இரண்டு நாற்காலி. கட்சிக்காரர் வந்தால் நான் எழுந்து சுவரோரம் நின்றுவிடுவேன். வருகிறவர்கள் என்னை ரொம்பப் பணிவான உதவியாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணி துப்பறிவாளர். நான் அவர் கணவரின் தம்பி. "வீட்டுல சும்மாதான் கிடக்கான், கூட வெச்சுக்கோ" என்று மழைக்குக் குடையைக் கொடுப்பதுபோல் என் அண்ணன் என்னை அவரிடம் கொடுத்து ஏழு வருடமாகிறது. இன்னும் திரும்பக் கேட்கவில்லை.

கரண்டைத் தொலைத்த கட்சிக்காரர், ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் இருபத்தெட்டு வருடமாக ஒரே மரப்படகை ஓட்டுகிறவர். மூன்று மாதமாக அந்தப் படகு காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறதாம். பேட்டரி காலி. புது பேட்டரி போட்டார். அதுவும் காலி. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்னேட்டரை (அவர் பாஷையில் டைனமோவை) கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அது அமோகமாக வேலை செய்கிறது. படகில் கொண்டுவந்து மாட்டினால் செய்வதில்லை. ஆபீஸில் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் சில கணவர்களைப் போல என்று நான் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், என் அண்ணனைப் பற்றி நான் பேசவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

படகுக்காரருக்கு எதிராளி மேல் சந்தேகம். பக்கத்துத் துறையில் புது ஃபைபர் படகு விட்டிருப்பவர் ஆள் வைத்து ஏதோ செய்கிறார் என்று அடித்துச் சொன்னார். சந்தேகத்தைவிட அவசரம்தான் பெரிது. பொறுத்துப் பார்த்து அலுத்துப்போன மனிதர், பழைய படகுகளை உடைத்து மரமும் இரும்புமாகப் பிரிக்கிற ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு உடைப்பவர் கையில் சாவி. அதற்குள் திருடனைப் பிடித்துக் கொடுத்தால் படகு பிழைக்கும். இல்லாவிட்டால் இருபத்தெட்டு வருடமும் பலகை பலகையாக வண்டியில் ஏறும்.

பதினோரு மணிக்குத் துறைக்குப் போனோம். உடைப்பவர் ஐந்து மணி நேரம் முன்னதாகவே வந்து, இஞ்ச் டேப்பை வைத்துப் படகை அளந்துகொண்டிருந்தார். தையல்காரர் மாப்பிள்ளைக்குக் கோட்டு அளக்கிற மலர்ச்சி அவர் முகத்தில். அவர் ஒவ்வொரு தடவை பலகையைத் தட்டும்போதும் படகுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். பேச்சை மாற்றுவதற்காக நான் அவர் கட்டைவிரலில் இருந்த கட்டைப் பற்றி விசாரித்தேன். பேட்டரியைத் தூக்கும்போது கிழித்துக்கொண்டாராம். மகள் கட்டுப் போட்டுவிட்டாளாம். அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் படிக்கப் போனதும் இந்தப் படகில், இப்போது வேலைக்குப் போவதும் இதே படகில். முப்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணப் பேச்சை எடுத்தால் டியூட்டி இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள், வேலைதான் அவளுக்கு உலகம் என்று பெருமையும் வருத்தமுமாகச் சொன்னார்.

அண்ணி இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கினார். மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் தேதிவாரியாக எழுதியிருந்தது. ஒயர்மேன் வந்த நாள்களும் மாற்றிய சாமான்களும். எழுதியது படகுக்காரர். முதல் வரியில், 'சார்ஜ் லைட் பல்பு மாற்றியது.' அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஃப்யூஸ். பிறகு பெல்ட். எர்த் ஒயர். ரெகுலேட்டர். சாவி போடும் ஸ்விட்ச். மீட்டர். பேட்டரி கிளிப். வரிசை கீழே இறங்கிக்கொண்டே போனது. மொத்தம் பதினோரு வருகை.

அந்த ஒயர்மேனைப் பற்றிப் படகுக்காரருக்கு ஏகப்பட்ட நல்ல அபிப்பிராயம். நாலு வருடப் பழக்கம். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார், தன் சார்ஜரைக் கொண்டுவந்து பேட்டரியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார், நான்கு நாளில் மறுபடி கூப்பிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார். எனக்கும் அதே கேள்விதான் எழுந்தது. என் வீட்டு மின்விசிறிக்கு வரச் சொன்ன ஆள் இரண்டு கோடைகளாக வழியில் இருக்கிறார்.

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். படகு எப்போதாவது நடு ஆற்றில் நின்றிருக்கிறதா?

ஒரு தடவைகூட இல்லை. டீசல் இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரியின் தயவு தேவையில்லை, கிளப்புவதற்குத்தான் பேட்டரி. அக்கரையில் ஆள் ஏற்றும்போது இன்ஜினை அணைக்காதீர்கள் என்று ஒயர்மேன் இரண்டாவது வருகையிலேயே சொல்லிவிட்டாராம். அதனால் படகு எப்போது செத்தாலும் இந்தத் துறையில்தான் சாகும். வீடு இங்கிருந்து ஐம்பது அடி.

"மரியாதை தெரிஞ்ச கோளாறு, தம்பி" என்றார் அண்ணி என்னிடம் மெல்ல. "ஏறினவங்க யாரையும் தொந்தரவு பண்ணாம, வீட்டு வாசல்ல வந்து படுக்குது."

"நோய் என்னன்னு தெரியாத டாக்டர் பத்தியம் மட்டும் கரெக்டா சொல்லியிருக்காரே அண்ணி."

 கழற்றி வைத்திருந்த ஆல்டர்னேட்டரை அண்ணி என் கையில் தூக்கிக் கொடுத்தார். நல்ல யோசனை சொன்னதற்கு என் பரிசு, ஏழு கிலோ இரும்பு.

அந்தக் கடை மூன்று தெரு தள்ளி இருந்தது. ஏழு கிலோவுடன் நடந்தால் ஐந்து தெரு. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். இதே சாமானை மூன்று தடவை பார்த்துவிட்டாராம், இதில் ஒரு குறையும் இல்லையாம். பெஞ்சில் பூட்டி, மோட்டாரைத் தட்டினார். பெல்ட் சுழன்றது. மீட்டரின் முள் துள்ளி எழுந்து பதினான்கு வோல்ட்டில் நின்றது. பார்த்தீர்களா என்றார்.

பார்க்கவில்லை, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை செய்யுங்கள் என்றார் அண்ணி. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை அண்ணி மீட்டரைப் பார்க்கவில்லை, கடைக்காரரின் இடது கையையே பார்த்தார். மோட்டாரைத் தட்டுவதற்கு முன்னால் அந்தக் கை தன் பாட்டுக்கு ஒரு மெல்லிய ஒயரை எடுத்து ஆல்டர்னேட்டரின் சின்ன முனையில் மாட்டியது. ஒயரின் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பல்பு தொங்கியது. மாட்டியதும் எரிந்தது. ஆல்டர்னேட்டர் சுழன்றதும் அணைந்தது.

அது எதற்கு என்று அண்ணி கேட்டார். கடைக்காரர் தன் கையைத் தானே இப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"இந்தப் பழைய மாடல் தானா எழுந்துக்காதும்மா. பேட்டரியிலேருந்து இந்த பல்பு வழியா துளி கரண்ட் வந்து எழுப்பணும். எழுந்துட்டா அப்புறம் அது பாட்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும்."

பல்பு இல்லாவிட்டால்? அவர் ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தட்டினார். ஆல்டர்னேட்டர் சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. முள் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை. படகில் இந்தப் பல்புதான் மீட்டர் பலகையில் சிவப்பாக எரியும் சார்ஜ் லைட். குறை சொல்வதற்காக மட்டும் வைத்த விளக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் பாதி வேலை அதனுடையதுதான் என்றார். இதை மூன்று தடவையும் படகுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் டைனமோ சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டார், நான் இருக்கிறது என்றேன் என்றார் கடைக்காரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் இந்த மனிதர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டியவர்.

திரும்பி வரும் வழியில், குற்றவாளி யார் என்பதை நான் அண்ணிக்கு விளக்கினேன். ஒயர்மேனுக்குத் தொழில் தெரியாது, பாவம்.

"முதல் வரியைப் படிச்சீங்களா தம்பி?" என்றார் அண்ணி. "முதல் தடவை வந்தப்போ பல்பைத்தான் மாத்தினார். படகு மூணு வாரம் ஓடுச்சு. அப்புறம் பத்து தடவை வந்து படகுல இருக்கிற அத்தனையும் மாத்தியிருக்கார், அந்த ஒண்ணைத் தவிர. எல்லாத்தையும் மாத்தினவர் ஒண்ணை மட்டும் விட்டா, அது என்னன்னு அவருக்குத் தெரியும்."

அப்படியானால் ஒயர்மேன்தான் திருடன் என்று என் தீர்ப்பை அங்கேயே திருத்திக்கொண்டேன். ஏழு கிலோவைச் சுமப்பவனுக்கு ஒரே கருத்தில் நிலையாக இருக்கும் தெம்பு இருக்காது.

இரண்டரை மணிக்கு மீட்டர் பலகையைக் கழற்றினோம். நான் டார்ச் பிடித்தேன். முன்பக்கம் சிவப்புக் கண்ணாடி மூடி ஒழுங்காக இருந்தது. பின்பக்கம் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. இரண்டு ஒயர் முனைகளும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு சாதுவாகக் கிடந்தன. அண்ணி அந்த டேப்பை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து டார்ச்சைப் பக்கத்து ஒயர்களின் மேல் திருப்பினார்.

அங்கெல்லாம் ஒயர்மேனின் கைவேலை. டேப்பை இழுத்துச் சுற்றி, நுனியை அழுத்தித் தேய்த்து, இருபது வருடம் கழித்து யாராவது பிரிக்க நினைத்தால் பல்லைத்தான் நம்ப வேண்டும் என்கிற மாதிரி ஒட்டியிருந்தார். இந்த இரண்டு முனைகளில் மட்டும் டேப்பின் நுனி அரை விரற்கடைக்கு உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. அண்ணி அந்த மடிப்பைப் பிடித்து லேசாக இழுத்தார். வலிக்காமல் வந்தது.

வலிக்காமல் என்ற வார்த்தை என் மனதில் வந்ததும்தான் எனக்கு உறைத்தது. படகுக்காரரின் கட்டைவிரல் கட்டிலும் பிளாஸ்திரியின் நுனி இதேபோல்தான் மடித்திருந்தது. நாளைக்குப் பிரிக்கும்போது நகத்தால் சுரண்டி வலிக்கவைக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அப்படி மடிப்பார்கள். ஒயருக்கு வலிக்கும் என்று நினைக்கிற கை இந்தத் துறையில் ஒன்றுதான் இருக்க முடியும்.

"அண்ணி, அப்போ ஒயர்மேன்?"

"டார்ச்சை அணைங்க. ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

மகள் மூன்றரை மணிப் படகில் வந்து இறங்கினார். எதிராளியின் ஃபைபர் படகில்தான். காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் இருந்தது. ஒயர்மேனுக்கு நான் போன் செய்து, பேட்டரி மறுபடி போச்சு என்று மட்டும் சொன்னேன். ஏழு நிமிடத்தில் வந்து நின்றார். நாற்பதை நெருங்குகிற மனிதர், தலையை ஈரமாக வாரி, சட்டையை மாற்றி வந்திருந்தார். பேட்டரி சாவுக்கு இவ்வளவு அழகாக உடுத்தி வந்தவரை நான் பார்த்ததில்லை.

உடைப்பவர் படகின் முனையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். படகுக்காரர் சாவியைக் கையில் பொத்திவைத்திருந்தார்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. படகில் இத்தனை மாற்றினீர்களே, பல்பை ஏன் மாற்றவில்லை என்று ஒயர்மேனைக் கேட்டார். அவர் எர்த் ஒயரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அண்ணி காத்திருந்தார். வோல்டேஜைப் பற்றி ஆரம்பித்தார். அண்ணி அதற்கும் காத்திருந்தார். கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் அதே மாதிரி ஒரு சின்னப் புது பல்பு.

"ரெண்டாவது தடவையே தெரியும். மூணு மாசமா பையிலதான் வெச்சிருக்கேன்."

படகுக்காரருக்குப் புரியவே அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஒயர்மேன் பக்கம் திரும்பினார். நீங்களா கழட்டினீங்க என்றார். இல்லை என்று ஒயர்மேன் பதறினார். அவர் வந்தபோதே பல்பு இல்லையாம். சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று சார்தான் பிடுங்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம். யார் கழற்றினால் என்ன, நமக்கு வர ஒரு காரணம் ஆயிற்று என்று இருந்துவிட்டாராம். வர எதற்குக் காரணம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. படகின் தரைப்பலகையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த விளக்கு எதுக்குன்னு நீங்க இங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

ஒயர்மேன் யோசித்தார். முதல் தடவை பல்பை மாற்றியபோது இவங்கதான் டார்ச் பிடித்தாங்க, அப்போது சொன்னேன் என்றார், மகளின் பக்கம் விரலை நீட்டாமல். ஒரு மணி நேரம் சொன்னாராம். நாலு வருடத்தில் அந்த இருவரும் பேசிய ஒரே பேச்சு அதுதானாம். ஒரு பெண்ணிடம் மனதைத் திறக்க வாய்த்த ஒரு மணி நேரத்தில், ஆல்டர்னேட்டர் எப்படிச் சார்ஜ் ஏற்றுகிறது என்று பாடம் எடுத்த மனிதர். ஆனால் அந்தப் பெண் பாடத்தை முழுக்கக் கேட்டிருக்கிறார், பரீட்சையும் எழுதியிருக்கிறார்.

"நான்தான்பா கழட்டினேன்" என்றார் மகள்.

ஒயர்மேன் நிமிர்ந்து பார்த்தார். படகுக்குள் ஓடும் ஒவ்வொரு ஒயரும் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தெரிந்தவருக்கு இது மட்டும் மூன்று மாதமாகத் தோன்றவே இல்லை என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மகள் கூச்சப்படாமல் சொல்லிவிட்டார். பல்பைக் கழற்றினால் ஒரு தடவை வருவார், வந்தால் பேசுவார் என்றுதான் செய்தாராம். அவர் ஃப்யூஸை மாற்றிவிட்டுப் போனார். பெல்ட்டை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துவிடுவார் என்று இவர் காத்திருந்தாராம்.

"பத்து தடவை வந்தும் ஒரு பல்பைக் கண்டுபிடிக்க முடியலையேன்னு நினைச்சேன். சரி, தொழில் தெரியாதவர்தான், பரவால்ல, என் சம்பளம் இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

காதல் ஏற்கப்பட்ட மகிழ்ச்சியும் தொழில் இழிக்கப்பட்ட அவமானமும் ஒரே நேரத்தில் ஒயர்மேனின் முகத்தில் மோதின. அவமானம் முதலில் ஜெயித்தது. எனக்குத் தொழில் தெரியும் என்றார். பேசுவதைவிட நிரூபிப்பது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பூட்டி, பல்பைச் சொருகி, தன்னோடு கொண்டுவந்திருந்த சார்ஜ் ஏற்றிய பேட்டரியை இணைத்து, பதினைந்து நிமிடத்தில் எழுந்தார். படகுக்காரர் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் இருமி, கரும்புகையைக் கக்கி, சீராக ஓடத் தொடங்கியது. விளக்கு அணைந்தது. முள் பதினான்கில் நின்றது.

மணி நான்கடிக்க இரண்டு நிமிடம். உடைப்பவர் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, நான் போகலாமா என்று கேட்டார்.

"இருங்க" என்றார் படகுக்காரர்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சந்தோஷப்படவில்லை. மூன்று மாதமாக அவர் ஊரெல்லாம் எதிராளியைத் திட்டியிருக்கிறார். வாடிக்கையாய் வருகிறவர்கள் அவர் கண்ணெதிரே ஃபைபர் படகில் ஏறிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்புமுன் யாருக்கும் கேட்காதபடி படகிடம் கெஞ்சியதை எல்லாம் இப்போது சொன்னார். இவ்வளவும் வீட்டுக்குள்ளிருந்தே.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"சேரலைப்பா" என்றார் மகள். "அதுதானே பிரச்சினையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி என் காலை மிதித்தார்.

படகுக்காரர் கேட்கவில்லை. சாவியை ஸ்விட்சிலிருந்து எடுக்கக் கையை நீட்டினார். கழற்றத் தெரிந்தவர்கள் சுற்றியிருக்கும்போது இந்தப் படகை யாரை நம்பி ஓட்டுவது, எனக்கும் வயதாகிறது, கொண்டுபோகட்டும் என்றார். உடைப்பவர் நாசூக்காக எழுந்து நின்றார். மகளின் கண் நிறைந்துவிட்டது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, ஒயர்மேனைப் பார்த்தார்.

"பல்பைக் கழட்டி வழி பண்ணிக் கொடுத்தேன். அதுக்கு மேல என்னால ஆகாது. என் பங்கு முடிஞ்சுது."

ஒயர்மேன் கைகளைப் பழந்துணியில் துடைத்தார். துடைத்த கைகளை மறுபடி துடைத்தார். நாலு வருடமாக அவருக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளும் அந்த இன்ஜின் பெட்டிக்குள் இருந்தன, ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குறுக்கே ஓரடி வைத்து, படகுக்காரரின் கைக்கும் சாவிக்கும் நடுவில் நின்றார்.

"மாமா" என்றார்.

நாலு வருடமாக சார் என்று மட்டுமே கேட்டுப் பழகிய படகுக்காரர், யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் பின்னால் திரும்பி உடைப்பவரைப் பார்த்தார். உடைப்பவர் தன்னை இல்லை என்று அவசரமாகத் தலையாட்டினார்.

"உங்களைத்தான் மாமா. உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க. படகைக் குடுத்துடாதீங்க. கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."